நாற்பத்தொன்று, இருநூற்றுப் பன்னிரண்டு

இந்தக் காலத்தில் கண்ணால் கண்டதைச் சொன்னால் எவனும் கேட்பதில்லை, காகிதத்தைக் காட்டு என்கிறான்கள் என்று மொக்கையன் ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். மூன்று தலைமுறையாக மேல்வயல்காரன் காசிமாயன் நிலத்தின் வழியே ஓடி வந்த வாய்க்காலை அவன் போன மாசம் மண்ணைப் போட்டு மூடினான். மொக்கையனின் நாலு குறுக்கம் நிலத்தில் நெல் கருகுகிறது. வந்து பார்த்தால் குருடனுக்கும் தெரியும். கோர்ட்டுக்கோ பழைய தீர்ப்புகள் அச்சான புத்தகம் வேண்டுமாம்.

1936 ஜனவரி. காலை 8.10. தல்லாகுளம், வக்கீல் அனந்தராமன் வீடு. விசாரணைக்கு முந்தின நாளே வந்து வக்கீல் வீட்டில் படுப்பது கட்சிக்காரர் வழக்கம். மொக்கையனும் அக்காள் மகன் காளையும் ராத்திரி ஆபீஸ் அறை வாசலில்தான் படுத்திருந்தார்கள்.

உள்ளே போன குமாஸ்தா சிவசங்கரன் அலறினார். “ஐயோ! நாப்பத்தொண்ணுல எரநூத்திப் பன்னெண்டை அறுத்துட்டாங்க!”

நேற்று வக்கீல் ஒரு சீட்டை மேசையில் வைத்து, மொக்கையனிடம் “நாப்பத்தொண்ணு, எரநூத்திப் பன்னெண்டு. இந்தப் பக்கம்தான் உம்மைக் காப்பாத்தணும்” என்று சொல்லியிருந்தார். மொக்கையன் எட்டி, குமாஸ்தாவின் சட்டையைப் பிடித்தார்.

“காசிமாயன்கிட்ட வெலைபோயிட்டியாடா?”

“பெரியவரே, அது சிவப்பு…”

“வாயத் தொறந்தே, பல்லு இருக்காது!”

8.15. சத்தம் கேட்டு வக்கீலின் மகள் ஜானு வந்தாள். மதராஸில் சட்டம் படிப்பவள், பொங்கலுக்கு ஊர் வந்திருந்தாள். அறுபட்ட சிவப்புப் புத்தகத்தைப் பார்த்தாள்.

“ராத்திரி இங்கே இருந்தது யாரெல்லாம்?”

“நாங்க மூணு பேருதான்,” என்றார் குமாஸ்தா.

“பெரியவரே, கடிகாரத்துல மணி என்ன?”

“அந்த முள்ளெல்லாம் எனக்குத் தெரியாது தாயி. எண்ணும் தெரியாது, எழுத்தும் தெரியாது.”

“எட்டேகால்,” என்றான் காளை, கேட்காமலே.

ஜானு மேசைமேல் இருந்த சீட்டை அவனிடம் நீட்டினாள். “அப்போ இதை நீங்க வாசிங்கோ.”

“முன்னால இருக்கது இங்கிலீசு, தெரியாது. பின்னால நாப்பத்தொண்ணு, எரநூத்திப் பன்னெண்டு.”

ஜானு திரும்பி, எதிர்ச் சுவரில் உத்தரம்வரை அடுக்கியிருந்த கறுப்புப் புத்தகங்களில் ஒன்றை உருவி விரித்தாள். நாற்பத்தொன்றாம் புத்தகம். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். ஏடு அப்படியே இருந்தது.

“உங்க தீர்ப்பு இதுதான். முன்னால இருக்கற இங்கிலீஷ் எழுத்து எந்த வரிசைன்னு சொல்லும், கறுப்பா, சிவப்பா. ரெண்டுலயும் நாப்பத்தொண்ணு உண்டு. அப்புறம்தான் புத்தகத்தோட எண், பக்கத்தோட எண். நாங்க முதல்ல படிக்கறதே இதைத்தான். குமாஸ்தாவுக்கு எழுத்துத் தெரியும், தப்பான புத்தகத்தை அறுக்க மாட்டார். உங்களுக்கு எண்ணே தெரியாது, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிச்சிருக்க முடியாது. அறுத்தவனுக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாது.”

காளையின் கை தானாக மடிக்குப் போனது. குமாஸ்தா அங்கிருந்து அந்த ஏட்டை உருவினார்.

“காசிமாயன் தன் மக அன்னக்கொடியக் கட்டித் தாரேன்னான் மாமா…”

“தண்ணியில்லாத ஊருல அவ உனக்குக் கஞ்சிய எதுலடா காச்சுவா? போயிரு. என் கண்ணுல படாத.”

காளை தலை குனிந்து வெளியேறினான். மொக்கையன் கறுப்புப் புத்தகத்தின் அருகே வந்தார்.

“இதுல என்ன தாயி எழுதிருக்கு?”

“திருநெல்வேலிப் பக்கம் ஒருத்தர். இருபது வருஷத்துக்கு முன்னாடி அவர் வாய்க்காலையும் யாரோ இதே மாதிரி அடைச்சிருக்கா. திறந்து விடணும்னு தீர்ப்பு.”

“அந்தாளு இருக்காரா?”

“தெரியாது. அவர் வழக்கு இருக்கு.”

“காளைப்பய இதையே அறுத்திருந்தா?”

“மதராஸ்ல இருக்கு, லண்டன்ல இருக்கு. இந்த ஒரு வரியைச் சொன்னா எங்கேயும் இதே பக்கம் வரும்.”

மொக்கையன் அண்ணாந்து பார்த்தார். அம்புட்டும் சண்டை. எவனெவனோ போட்டது, ஒன்றுகூட அழியாமல் வரிசையில் நின்றது. தோள் துண்டு எப்போது கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

பகல் 12.40. கோர்ட்டு. ஜட்ஜ் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார். வாய்க்காலில் போட்ட மண்ணை உடனே அள்ள வேண்டும் என்று காசிமாயனுக்கு உத்தரவு போட்டார்.

வெளியே வந்ததும் குமாஸ்தா சட்டையை நீவிக்கொண்டே கேட்டார். “இப்பவாவது புத்தகத்தை நம்புறீரா?”

“எவனோ வாய்க்காலுக்கு எழுதுனதுல என் வயலுக்கு எப்புடிய்யா தண்ணி வரும்? வரட்டும், கண்ணால பாப்போம். நான் போறேன்.”

ஊருக்குப் போகும் திருமங்கலம் ரோட்டைப் பார்த்து நடந்தார் மொக்கையன்.