மாவக்கா கச்சேரிக்குப் போனாள்

சனிக்கிழமை மாவு கிடையாது என்று மாவக்கா சொன்னதும் ஐந்தாம் மாடியே ஆடிப்போய்விட்டது. அந்த அடுக்ககத்தில் இட்லி என்றாலும் அவள்தான், தோசை என்றாலும் அவள்தான். அவள் வீட்டுக் கிரைண்டர் சத்தம் கேட்காமல் அங்கே யாருக்கும் பொழுது விடிந்ததில்லை.

"உடம்பு சரியில்லையாக்கா?" பாத்திரத்தோடு வாசலில் நின்ற பக்கத்து வீட்டு சுகந்தி பதறினாள்.

"உடம்புக்கு என்னடி, கல்லு மாதிரி இருக்கேன். கச்சேரிக்குப் போறேன்."

"சபாவுக்கா?"

"சபாவாவது கிபாவாவது! காளவாய் கச்சேரிடி. ராக். மதுராந்தகம் ஏரிக்குள்ள."

சுகந்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிக்கட்டும். காளவாய் என்ற அந்த இசைக்குழுவை மாவக்கா கல்லூரி நாளிலிருந்து கேட்கிறாள். இன்றைக்கும் கிரைண்டர் ஒரு பக்கம் ஓட, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டியபடிதான் அரிசி களைவாள். புருஷன் தாமோதரன் இருந்தவரை, "இரும்புக்கடையில தகரம் கொட்டற சத்தம்" என்று முகம் சுளிப்பார். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. காளவாயின் டிரம்மர் கிழவருக்கும் கை நடுக்கம் வந்துவிட்டதாம்; இதுதான் கடைசிக் கச்சேரி என்று அறிவித்துவிட்டார்கள். இப்போது போகாமல் எப்போது போவது?

வீட்டுக்கு ஒரு சீட்டுதான். ஜோடியாகப் போவது, கூட்டாளிகளோடு கும்பலாகப் போவது எல்லாம் அந்தக் காலம். ஊரைச் சுற்றி எழுப்பிய அரணுக்கு வெளியே நடக்கிற எதற்கும் இப்போது ஒருவர்தான் போக முடியும். இன்னொருவர் உள்ளே இருந்தாக வேண்டுமே.

"சாயங்காலம் எனக்கு லீவுதான். நானே கூப்பிடறேன்க்கா," என்றாள் சுகந்தி. அவள் அரணுக்கு வெளியே உள்ள மருத்துவமனையில் நர்ஸ். தினமும் சாயங்காலம் அவளை உள்ளே கூப்பிடுவது மாவக்காதான். "நீங்க எனக்கு ஒருநாள் தவறினதுண்டா? நான் தவறுவேனா?"

"வீட்டு வேலை மும்முரத்துல மறந்துடாதடி."

"உங்களப் போய் மறப்பேனா? என்ன பேச்சுக்கா இது!"

மாவக்கா பச்சைப் புடவை கட்டி, கூடையில் தண்ணீர்க் குப்பியும் எலுமிச்சைச் சாதமும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நகரப் பேருந்தில் தாம்பரம் அரண்வாசல் வரை. வாசலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே போகிறவரை ஒரு கேள்வி கேட்காது அரண் வாரியம், அவ்வளவு பெருந்தன்மை! கதவு திறந்தது, விட்டது, மூடிக்கொண்டது.

மதிலுக்கு அந்தப்பக்கம் ரயிலடி. அங்கே வெளியூர்ச் சனங்கள் வெயிலில் குந்தியிருந்தார்கள். வெளியூர் என்றால் ஊரில்லை. மதிலுக்கு வெளியே தங்கிவிட்டவர்கள். ஒருத்தி மட்டும் நுங்குக் குலையோடு எழுந்து வந்தாள். பாதமெல்லாம் வெடிப்பு.

"உன் பேரு என்ன?" என்றாள், எடுத்த எடுப்பில்.

மாவக்காவுக்குச் சுருக்கென்றது. நுங்கு விற்கிறவளுக்குப் பேர் எதற்கு? "எல்லாரும் மாவக்கான்னு கூப்பிடுவாங்க," என்றாள்.

"அது நீ செய்யற வேலை. பேரைக் கேட்டேன்."

"எதுக்கும்மா உனக்கு அதெல்லாம்?"

நுங்குக்காரி திரும்பித் தன் ஆட்களைப் பார்த்து, "சண்முகவடிவு! ஆரோக்கியசாமி! ரயில் வருது, நகருங்க," என்று குரல் கொடுத்தாள். அவர்களுக்குள் அம்மா இல்லை, அண்ணே இல்லை, ஏய் ஓய் இல்லை. முழுப்பெயர்தான். என்ன சனமோ என்று மாவக்கா விறுவிறுவென ரயிலில் ஏறிவிட்டாள்.

காந்த ரயில் சத்தமில்லாமல் மிதந்தது. பெட்டி நிறையத் தனித்தனி ஆட்கள். எதிர் இருக்கையில் வெளுத்துப்போன கறுப்புச் சட்டையில் காளவாய் படம் போட்ட ஓர் ஆள், நாற்பது வயசிருக்கும். மாவக்கா எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்ததும் அவர் கண் அதன்மேல் விழுந்தது. பாதியைக் கொடுத்துவிட்டாள்.

"ரொம்ப நன்றிக்கா. எம் பேரு ஜெபராஜ். உங்கள உள்ள இருந்து கூப்பிடறது யாருக்கா?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு. தங்கமான பொண்ணு. உனக்கு யாரு, தம்பி?"

"அண்ணன்." ஜெபராஜ் சாதத்தை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். "பேச்சுவார்த்தை நின்னு மூணு வருஷம் ஆச்சு. வேற ஆளில்ல. நேத்து அவன் வீட்டுக் கதவுல ஒரு சீட்டு எழுதி ஒட்டிட்டு வந்தேன். படிச்சானோ கிழிச்சானோ."

"அடப்பாவி! அதை நம்பியா கிளம்பின?"

"காளவாய்க்கா," என்றார் அவர், வேறென்ன சொல்வது என்பதுபோல. மாவக்காவுக்கு அது புரிந்தது. ஆனாலும் அவரை நினைத்துப் பயமாக இருந்தது. தன்னைப் பற்றி அவளுக்குத் துளி பயமில்லை.

பயப்படத்தான் வேண்டும். மழை பொய்த்த பிறகு அரணுக்குள் தலைக்கு இவ்வளவு என்று தண்ணீர் அளக்கிறார்கள். அதற்காக யாரையும் துரத்துவதில்லை, துரத்தினால் பாவம் வந்துவிடுமல்லவா. வெளியே போனவரைச் சாயங்காலம் உள்ளே இருக்கும் ஒருவர் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் கதவு திறக்கும். கூப்பிட ஆளில்லாதவருக்கு ஊரில் தண்ணீர் மட்டும் எதற்கு என்பது வாரியத்தின் நியாயம். முன்பெல்லாம் வீட்டு எண்ணை அமுக்கினால் போதும். எந்திரத்தை வைத்து அமுக்கி ஏமாற்றுகிறார்கள் என்று போன மாதத்திலிருந்து குரலழைப்பு வந்துவிட்டது. சொந்தக் குரலில், பதிவில் உள்ள பெயரைச் சொல்லி, வா என்று அழைக்க வேண்டும். சங்கு ஊதுவதற்குள் அழைக்கப்படாதவர் வெளியூர்ச் சனம்.

கச்சேரியைப் பற்றி என்ன சொல்வது! வறண்ட ஏரிக்குள் ஆயிரக்கணக்கில் தனி ஆட்கள், நடுவில் மேடை. எல்லாமே சூரியமின்சாரத்தில் ஓடும் ஒலிபெருக்கிகள். முதல் அடி டிரம்ஸில் விழுந்தபோது அது காதில் கேட்கவில்லை, மாவக்காவின் நெஞ்செலும்பில் கேட்டது. இத்தனை வருஷம் கிரைண்டருக்கு மேல் கேட்ட பாட்டு இவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்றே! கொண்டை அவிழ்ந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குதித்தாள். ஜெபராஜ் பக்கத்தில் நின்று ஓ என்று கத்தினார். அவள் சந்தோஷத்தில் அழுதாள், மூக்கைச் சிந்திக்கொண்டே குதித்தாள்.

சூரியன் சாயச் சாய ஒலி மெலிந்தது. முதலில் கிடார் செத்தது. பிறகு பாடகரின் குரல் வாயசைப்பாகிப் போனது. டிரம்ஸுக்கு மின்சாரம் வேண்டாம். கிழவர் அடித்துக்கொண்டே இருந்தார். ஆனால் கேட்க யாரும் நிற்கவில்லை. கூட்டம் முழுவதும் ரயிலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, பேச்சில்லாமல்.

அரண்வாசலில் மதில்மேல் ஸ்பீக்கர்கள் வரிசையாக இருந்தன. அவற்றிலிருந்து வீட்டுக் குரல்கள் கொட்டின. "பி. கலைவாணன், வா!" "அப்பா... ஆர். முகுந்தன், வாங்கப்பா!" ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். கதவு அவருக்கு மட்டும் திறந்து மூடியது. கூட்டம் கரைந்தது. நுங்குக்காரியும் அவள் ஆட்களும் சற்றுத் தள்ளி அமைதியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெபராஜ் மதிலையே பார்த்தபடி நின்றார். அப்போது ஸ்பீக்கரில் ஒரு கரகரத்த குரல் வெடித்தது. "ஏ. ஜெபராஜ்! வந்து தொலைடா! வா!"

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மாவக்கா முதுகில் தட்டினாள். "போ தம்பி, ஓடு."

"நீங்க பயப்படாதீங்கக்கா. உங்க பொண்ணு மறந்தாலும் உள்ள போனதும் நானே கூப்பிட்டுடறேன்!" என்று கத்திக்கொண்டே ஓடினார். கதவு மூடிக்கொண்டது.

நல்ல மனுஷன் என்று மாவக்கா நினைத்தாள். அடுத்த மூச்சில்தான் அவளுக்குப் பகீரென்றது. தன் பெயரை அவரிடம் சொல்லவே இல்லை.

சரி, அவர் போனால் என்ன, சுகந்தி இருக்கிறாள். நினைத்த மாத்திரத்தில் சுகந்தியின் குரலே வந்தது, பளிச்சென்று, பாசமாக. "மாவக்கா! வாங்க மாவக்கா!"

மாவக்கா கூடையோடு கதவுக்கு ஓடினாள். கதவு அசையவில்லை. "இந்தப் பெயரில் வெளியே எவரும் இல்லை," என்றது எந்திரக் குரல், தேன் வடிய.

ஸ்பீக்கரில் சலசலப்பு. ஐந்தாம் மாடி முழுக்க அங்கே கூடியிருக்கிறது போலும். "அக்கா பேரு என்னடி?" "தெரியலையே! கஸ்தூரியோ என்னமோ..." "கஸ்தூரி, வாங்க!" எவரும் இல்லை. "வீட்டுப் பலகைல தாமோதரன்னுதானே இருக்கு?" "தாமோதரன் சம்சாரம், வாங்க! அக்கா, தாமோதரன் சம்சாரம்!" எவரும் இல்லை. சுகந்தி விம்மத் தொடங்கினாள். "அக்கா... ஐயோ, தினமும் நீங்க என் பேரச் சொல்வீங்களே, நான் ஒருநாள்கூடக் கேட்கலையே..."

மாவக்கா மதிலில் இரண்டு கையாலும் அறைந்து, தன் பெயரைக் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். மதிலுக்கு வாய் உண்டு, காது வைக்கவில்லை.

"அக்கா!" இப்போது ஜெபராஜ். "பச்சைப் புடவை அக்கா! எலுமிச்சைச் சாதம் கொடுத்த அக்கா! வாங்கக்கா!"

எஞ்சி நின்ற பெண்கள் ஒவ்வொரு அக்காவுக்கும் நிமிர்ந்து பார்த்து, மறுபடி தலையைத் தொங்கப்போட்டார்கள். எல்லாரும் யாருக்கோ அக்காதான். எந்திரம் மட்டும் யாருக்கும் தம்பியில்லை.

மாடியிலிருந்து அக்கா, அக்கா என்று அத்தனை பேரும் சேர்ந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சங்கு ஊதியது. ஸ்பீக்கர்கள் ஒரே நேரத்தில் அடங்கின.

அவள் மறக்கப்படவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. மறந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பாள். கதவடியில் சரிந்து உட்கார்ந்து, கூடையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். புருஷன் இந்தா என்றுதான் கூப்பிடுவார். பிள்ளை இல்லை. அம்மா போன பிறகு அந்தப் பெயரை யாராவது சொல்லிக் கேட்டோமா என்று யோசித்துப் பார்த்தாள். கேட்டதாக ஞாபகம் இல்லை.

வெடிப்புப் பாதங்கள் எதிரில் வந்து நின்றன. நுங்குக்காரி குனிந்தாள்.

"இப்பவாவது சொல்லு. உன் பேரு என்ன?"

கரகரத்துப் போன தொண்டையால் அவள் சொன்னாள். "அபரஞ்சி. கே. அபரஞ்சி."

நுங்குக்காரி அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"கே. அபரஞ்சி," என்றாள். "வா."