லியென் சொன்ன பொய்

"மகாராணி இன்னும் எழுந்திருக்கலையா? படிக்க வந்தாளா, கொலு வீற்றிருக்க வந்தாளா?"

சமையலறையில் மாமியார் சூயூனின் குரல் வெடித்தது. லியென் வாத்தெலும்பு கொதிக்கும் அண்டாவில் நுரையை அள்ளிக்கொண்டிருந்தாள். வியட்நாமிலிருந்து காவ்சியுங் நகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பன்னிரண்டு வருஷம். பொறுத்துப் போவது அவளுக்குப் பழகிவிட்டது. மூன்று மாதத்துக்கு முன் தங்கை ஹுவே சீன மொழி படிக்க இந்த ஊருக்கு வந்ததிலிருந்து திட்டு மட்டும் இரட்டிப்பாகியிருந்தது.

"அவளுக்கு இன்னிக்கு பரீட்சை, அத்தை..."

"தினமும்தான் பரீட்சை! நூடுல்ஸ் கடை வச்சிருக்கிற வீட்ல ஒரு கிண்ணம் கழுவ மாட்டாளாம்!"

ஹுவே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். அக்கா நீட்டிய சோற்று டப்பாவை வாங்கிப் பையில் திணித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மதியம் கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. தங்கை விஷயமாக உடனே வரச் சொன்னார்கள். "நீ மட்டும் போய் என்ன பேசுவ? நானும் வர்றேன்" என்று மாமியாரும் கிளம்பினாள்.

வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஹுவே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அதிகாரி லின் அம்மையார் ஒரு கடிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தார்.

"என் அக்கா என்னைக் கடையில் வேலைக்காரியாக நடத்துகிறாள். பாத்திரம் கழுவிக் கை புண்ணாகிறது. படிக்க விடுவதில்லை. எனக்கு விடுதியில் இடம் தர வேண்டும்."

லியென் கடிதத்தை எட்டிப் பார்த்தாள். வேலைக்காரியா...? இவளையா...? ஐந்து வயதில் தாயை இழந்தவளைத் தன் மடியில் தூங்கவைத்த கை, மேஜை விளிம்பைத் தேடிப் பற்றிக்கொண்டது.

"வருஷ நடுவுல வீட்ல கொடுமை இருந்தாத்தான் இடம் தருவோம்" என்றார் லின். "பொய்னு தெரிஞ்சா சேர்க்கையே ரத்தாகும். ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். நீங்க சொல்லுங்க, இது உண்மையா?"

ஹுவே தன் பையை இறுக்கிக்கொண்டாள். லியென் அவளை ஒருமுறை பார்த்தாள்.

"உண்மைதான். நான்தான் வேலை வாங்கினேன்... அவ மேல தப்பில்ல."

"அடிப்பாவி!" மாமியார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "யாரு வேலை வாங்கினது? இந்தப் பொண்ணு கையை நீட்டச் சொல்லுங்கம்மா, புண்ணு இருக்கான்னு பாருங்க! ஒரு கிண்ணத்தைக்கூடத் தொடவிடாம இவ அக்கா எல்லாத்தையும் இழுத்துப்போட்டுச் செய்யறாளேன்னு தினம் நான்தான் கத்திக்கிட்டிருக்கேன். தங்கச்சிக்குக் கடை வேலை வந்துடக்கூடாதுன்னு, தான் படிக்கப் போய்க்கிட்டிருந்த சாயங்கால வகுப்பையே நிறுத்திட்டா! எனக்குப் பிடிக்காத மருமகதான்... ஆனா பொய்ப்பழியை எம் முன்னாடி அவ சுமக்க விடமாட்டேன்!"

லியென் திகைத்து மாமியாரைப் பார்த்தாள். வகுப்பை விட்டது அத்தைக்குத் தெரியுமா!

ஹுவே உடைந்துபோனாள். "நான்தான் பொய் எழுதினேன்! எல்லாரும் விடுதியில ஒண்ணா சாப்பிடறாங்க, சிரிக்கறாங்க... நான் மட்டும் திட்டு கேட்டுக்கிட்டு... எனக்கும் அப்படி இருக்கணும்னு ஆசையா இருந்துச்சுக்கா!"

லின் கடிதத்தை ஹுவேயின் பக்கம் நகர்த்தினார். "தானா ஒத்துக்கிட்டதால இந்த ஒருதடவை எச்சரிக்கையோட விடறேன். நடந்ததை உண்மையா எழுதிக் குடு. விடுதி அடுத்த பருவத்துக்குப் பார்க்கலாம்."

வராந்தாவில் ஹுவே அக்காவின் காலில் விழப்போனாள். லியென் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுதிக்குப் போகணும்னு என்கிட்ட கேட்டிருந்தா, அத்தை காலைப் பிடிச்சாவது அனுப்பியிருப்பேனேடி... என்னை ஏன்டி பேயா எழுதினே?"

"மன்னிச்சிடுக்கா..."

"இப்போ முடியாது. ரொம்ப வலிக்குது."

சொன்னாளே தவிர, விம்மி விம்மி அழுத அந்தத் தலை மார்பில் வந்து சாய்ந்தபோது தள்ளிவிட அவளுக்குக் கை வரவில்லை. கண்ணீர் தங்கையின் கூந்தலில் சொட்டியது.

சற்றுத் தள்ளி நின்ற சூயூன் முந்திக்கொண்டு படியிறங்கினாள். பாதியில் நின்று, திரும்பாமலே மருமகளை நோக்கிக் கையைப் பின்னால் நீட்டினாள்.

"படி வழுக்குது. என் கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கு, மகளே."