பின்பாட்டுக்காரியின் முக்காலி

அக்காவும் தங்கையும் ஒத்திகைக்கு வந்து சேர்ந்தபோது, அரங்கத்து வாசலில் ஏணி போட்டு பேனர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு நெற்றி மேலே போனது. பிறகு மூக்கு, பிறகு ஊரே அறிந்த அந்தச் சிரிப்பு. முகம் முழுதாக ஏறியதும் ஏணிக்காரன் அடியில் இருந்த எழுத்துகளைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டினான். 'சொந்தக் குரலில் பாடி நடிக்கிறார்' என்று போட்டிருந்தது.

தங்கை கையில் வெந்நீர்க் குடுவையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அது என் வேஷம்க்கா," என்றாள்.

அக்காவை அங்கே எல்லாரும் லைட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பால்கனிக்கு மேலே, கூரையை ஒட்டிய கூண்டில் நின்றுகொண்டு, மேடையில் நடப்பவர் மேல் வட்ட விளக்கைக் கையால் திருப்பிப் பிடிப்பது அவள் வேலை. அம்மா போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் தங்கையை வளர்த்தாள், பாட்டு வகுப்புக்கு அனுப்பினாள். இந்த நாடகமோ பெரியவர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிற பழைய இசை நாடகம். தொலைந்த மகளைத் தேடி ஊர் ஊராகப் பாடித் திரியும் ஒரு தாயின் கதை. ஒரு தலைமுறையாக மேடை ஏறாததை மறுபடி போடப்போவதாக டைரக்டர் குரல் தேர்வு வைத்தார். தங்கை பாடி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீதாம்மா," என்றார். ஆறு மாதமாக அவளை வைத்துத்தான் ஒத்திகை. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்று கேட்டிருக்கிறோம். இந்தப் பாம்பு பகல் வெளிச்சத்தில், பேனரில் சிரித்துக்கொண்டே புகுந்தது.

லைட்டக்கா நேராக டைரக்டர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

அவர் ஒன்றும் பதறவில்லை. பணம் போடும் முதலாளி முடிவு செய்துவிட்டார், சினிமாக்காரர் ஒருவர் இல்லாமல் பழைய நாடகத்தை யாரும் சீந்தமாட்டார்கள் என்றார். கடைசியில் வாய் தவறி உண்மையையும் சொன்னார். "உங்க தங்கச்சி மூஞ்சிய யாருக்குத் தெரியும், லைட்டக்கா?"

"தெரிய வைக்கிறதுதானே உங்க வேலை?"

அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்ததாம். மேடத்துக்கு, அதாவது அந்த நட்சத்திரத்துக்கு, பாட்டு சுட்டுப்போட்டாலும் வராது என்பது இரண்டே நாளில் தெரிந்துபோயிற்று. பாட்டைப் பதிவு செய்து ஓடவிட்டுப் பார்த்தார்கள். மேடம் பாதிப் பாட்டில் நிற்பார், அழுவார், ஒரு வரியைத் தாண்டிக் குதிப்பார். பதிவு அவருக்காகக் காத்திருக்குமா? ஆளைப் பார்த்துப் பாட ஓர் ஆள் வேண்டும். ஆகவே தங்கை பின்திரைக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்து, துணி வழியே மேடத்தைப் பார்த்துப் பாட வேண்டும், மேடம் முன்னால் நின்று வாயசைப்பார், வெளியே மூச்சு விடக்கூடாது என்று ஏற்பாடானது.

 வா, வீட்டுக்குப் போகலாம் என்று லைட்டக்கா தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள். தங்கைதான் வரவில்லை. "பாட்டாவது என்னோடதா இருக்கட்டும்க்கா," என்றாள். அதைக் கேட்டபோது டைரக்டர் மேல் வந்ததைவிட அதிகமான கோபம் தங்கை மேல் வந்தது. ஆனாலும் அவளைத் தனியாக விட்டுப் போக மனசு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூண்டுக்கு ஏறினாள்.

பின்திரைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்குத்தான் சந்து. அங்கே ஏற்கெனவே ஒரு முக்காலி இருந்தது, தரையோடு ஆணி அடிக்கப்பட்டு. பாடுகிறவள் அசைந்தால் கிரீச்சென்று சத்தம் வரும் என்று அந்தக் காலத்தில் அடித்திருக்க வேண்டும். தச்சர் அதைப் பிடுங்கப் பார்த்தார். ஆணிகள் துருப்பிடித்து நைந்திருந்தன, ஆனால் முக்காலி அசையவில்லை. சரி, நமக்கும் வசதிதான் என்று டைரக்டர் சிரித்தார்.

முதல் முழு ஒத்திகையிலேயே விளக்கு இழுத்தது.

மேடம் மேடையின் நடுவில் நின்று கையை விரித்து வாயசைத்துக்கொண்டிருந்தார். வெளிச்ச வட்டம் அவர் முகத்திலிருந்து மெல்ல நழுவி, தோளைத் தாண்டி, பின்னால் இருந்த கறுப்புத் திரைக்குப் போயிற்று. லைட்டக்கா கைப்பிடியைத் திருப்பி இழுத்தாள். வந்தது. விட்டதும் மறுபடி போயிற்று.

"என் மூஞ்சி எங்க இருக்குன்னு அந்தம்மாவுக்கு மறந்துபோச்சா?" என்று மேடம் கீழேயிருந்து கத்தினார்.

திருகாணிகளை முறுக்கிப் பார்த்தார்கள். தாங்கியை மாற்றிப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. தன் கோபம்தான் கையை ஆட்டுகிறது என்று லைட்டக்கா நினைத்துக்கொண்டாள். தங்கை இருக்கும் பக்கம் விளக்கும் போனால் அதில் என்ன அதிசயம்?

ஆனால் கூண்டுக்குள் ஒரு வாசனை வந்தது. அதிமதுரம். தொண்டை கட்டாமலிருக்கப் பாடகர்கள் வாயில் அடக்கிக்கொள்வார்களே, அந்த வேர். தங்கை வெந்நீர் தவிர எதையும் தொடமாட்டாள்.

அன்று இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். தெருமுனை திரும்பிய பிறகு தங்கை மெதுவாகச் சொன்னாள்.

"நான் பாட்டுல ஒவ்வொரு அடியும் எடுக்கறதுக்கு முன்னாடி, பக்கத்துல யாரோ மூச்சு இழுக்குறாங்கக்கா."

"எதிரொலியா இருக்கும்."

"எதிரொலி முன்னாடியா வரும்?"

லைட்டக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடையை எட்டிப்போட்டாள்.

மறுநாள் ஒப்பனை அறையில் லைட்டக்கா அதிமதுரம் என்று சொன்னதுதான் தாமதம், ஒப்பனைக்காரம்மாவின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. அந்தம்மாவின் மாமியாரும் இதே அறையில் முகத்துக்குப் பூசிவிட்டவர்தான். அவர் சொல்லி இவர் கேட்டது இது. முதல் முறை இந்த நாடகம் போட்டபோதும் இதே கூத்துத்தான் நடந்தது. வேஷத்துக்கு என்று தேர்ந்தெடுத்த பெண்ணைத் தூக்கிப்போட்டுவிட்டு, அந்தக் காலத்து நட்சத்திரம் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். இவளை முக்காலியில் உட்காரவைத்துப் பாடச் சொன்னார்கள். அவளுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. பின்பாட்டுக்காரி என்றால்தான் தெரியும்.

"ஒரு நாள் பாட்டு முடிஞ்சு திரைய விலக்கிப் பார்த்தா, அந்தப் பொண்ணு கீழ கிடந்திருக்கு. உடம்பு சில்லுனு விறைச்சிருந்துதாம். செத்து ரொம்ப நேரம் ஆயிருக்கும்னு டாக்டர் சொன்னாராம்."

"ரொம்ப நேரம்னா?"

ஒப்பனைக்காரம்மா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாட்டு அதுவரைக்கும் நிக்கவே இல்லையாம்."

லைட்டக்காவுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. ஒரு பெண் இருட்டில் செத்துக் கிடந்திருக்கிறாள், முன்னால் ஒருத்தி கும்பிடு போட்டுக் கைதட்டு வாங்கியிருக்கிறாள். அதே முக்காலியில் இப்போது என் தங்கையா? டைரக்டரிடம் போய் அவளை வேறு இடத்தில் உட்காரவையுங்கள் என்றாள். பேய்க்கதை சொல்லி வேலையைக் கெடுக்காதீர்கள், விளக்கு இனி ஒரு தடவை நழுவினால் வேறு ஆள் வரும் என்று அவர் சொன்னார். வேறு ஆள் வந்தால் தங்கை இருக்கும் பக்கம் கண் வைக்க யாரும் இருக்கமாட்டார்கள். லைட்டக்கா மறுபடி கூண்டுக்கே ஏறினாள்.

முதல் காட்சி அன்று மாலை அரங்கம் நிரம்பி வழிந்தது. படிக்கட்டில்கூட ஆட்கள். கூட்டம் கூடக்கூட உள்ளே புழுக்கம். திரைக்குப் பின்னால் எப்படி இருக்கும் என்று நினைக்கும்போதே லைட்டக்காவுக்கு மூச்சு முட்டியது. அங்கே இருந்த மின்விசிறியின் சத்தம் ஒலிவாங்கியில் விழும் என்று அதையும் பிடுங்கிவிட்டிருந்தார்கள், புண்ணியவான்கள்.

கடைசிப் பாட்டு தொடங்கியது. மகள் கிடைக்கமாட்டாள் என்று தெரிந்த தாய், கிடைத்துவிட்டாள் என்று பாடுகிற பாட்டு. சனங்கள் மூக்கை உறிஞ்சுவது கூண்டு வரைக்கும் கேட்டது. தங்கை இதற்கு முன் இப்படிப் பாடியதே இல்லை. பெருமையும் வயிற்றெரிச்சலும் ஒன்றாகப் பொங்க, லைட்டக்கா அந்தச் சிரிப்புக்காரியின் முகத்தில் வட்டத்தைப் பிடித்து நின்றாள்.

அப்போது அதிமதுர வாசனை வந்தது.

விளக்கு இழுத்தது.

இந்த முறை நழுவவில்லை. முரட்டுத்தனமாக இழுத்தது. அவள் காலை ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினாள். காதில் மாட்டியிருந்த கருவியில் டைரக்டரின் குரல் சீறியது. மேடம் மேல வை, மேடம் மேல வை. கைப்பிடியின் இரும்பு சில்லிட்டுக்கொண்டே போயிற்று. அவள் விரல்களின் மேல் வேறு விரல்கள் வந்து படிந்தன. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எத்தனை விரல் என்று அவளால் எண்ண முடிந்தது.

காதோரம் ஒரு மூச்சு. பிறகு ஒரே சொல்.

"பாரு."

லைட்டக்கா கையை விட்டாள்.

வெளிச்சம் மேடத்தை இருட்டில் விட்டுவிட்டுப் பின்திரையில் போய் அறைந்தது. துணி பழையது. அத்தனை வெளிச்சத்தில் அது சல்லடையாகிப் பின்னால் இருப்பதைக் காட்டியது. முக்காலியில் ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வாய் அகலத் திறந்திருந்தது.

அவள் தங்கை இல்லை.

தங்கை கீழே, அவள் காலடியில், சுருண்டு கிடந்தாள்.

பாட்டு நிற்கவில்லை.

லைட்டக்கா எப்படிக் கீழே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. படிக்கட்டில் இருந்தவர்களை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று பிறகு சொன்னார்கள். சந்துக்குள் நுழைந்தபோது முக்காலி காலியாக இருந்தது. குரல் மட்டும் அதன் மேலேயிருந்து, அவள் தலைக்கு நேராக, வந்துகொண்டே இருந்தது. தங்கையின் உதடு நீலம் பாரித்திருந்தது. அக்குளில் கை கொடுத்துத் தரதரவென்று இழுத்து, பின்கதவை உதைத்துத் திறந்து, வெளியே காற்றில் போட்டாள். கன்னத்தில் அறைந்தாள். "மூச்சு விடுடி, பாவி," என்று கத்தினாள்.

தங்கை இருமினாள். உள்ளே பாட்டு அப்போதுதான் முடிந்தது. திரைக்குப் பின்னால் தெரிந்ததையும் நாடகம் என்றே நினைத்த கூட்டத்தின் கைதட்டு இடியாக எழுந்தது.

வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது முதலாளி பின்கதவுக்கு வந்தார். பெண் பிழைத்தாளா என்று கேட்பார் என்று நினைத்தாள்.

"நாளைக்கு யார் பாடுவா?" என்றார்.

"அந்த முக்காலிகிட்டயே கேளுங்க," என்றாள் லைட்டக்கா. அதற்குப் பிறகு அவள் அங்கே கால் வைக்கவில்லை.

புழுக்கத்திலும் தூசியிலும் மூச்சு அடைத்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் டாக்டர். தொண்டை புண்ணாகிவிட்டதால் சிறிது காலம் பேசவே கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். தங்கை தலையணையில் சாய்ந்து சைகையில் பேசினாள். லைட்டக்கா கஞ்சி ஆற்றி ஊட்டும்போதெல்லாம் அந்தக் கும்பலைத் திட்டித் தீர்த்தாள். நாசமாய்ப் போக என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

பார்க்க வந்த ஒப்பனைக்காரம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நாடகம் நிற்கவில்லை என்றார். மறுநாள் வேறு பாட்டுக்காரி வரத் தாமதமானதாம். மேடம் சும்மா வாயைத் திறந்தாராம், குரல் வந்ததாம். முக்காலியில் ஆளே இல்லை. முதலாளிக்கு ஒரே குஷி, எப்படி என்றுகூட அவர் கேட்கவில்லை. மேடத்துக்கும் இரண்டு நாள் தலைகால் புரியவில்லை. தனக்கே பாட்டு வந்துவிட்டது என்று பேட்டி கொடுத்தாராம்.

"இப்ப?"

"இப்ப, அவங்க வாய மூடினாலும் பாட்டு நிக்க மாட்டேங்குது," என்றார் ஒப்பனைக்காரம்மா. அதற்கு மேல் சொல்லாமல் எழுந்து போனார்.

நாலு நாள் கழித்து, நல்ல வெயிலில், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் கறுப்புக் கண்ணாடி போட்டு, வாயைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார். லைட்டக்கா கதவைப் பாதி திறந்து வழியை மறித்து நின்றாள். அந்த முகத்தின் ஒவ்வோர் அங்குலமும் அவளுக்குத் தெரியும். எத்தனை நாள் அதில் வெளிச்சம் பிடித்திருக்கிறாள்!

"என்கிட்ட என்ன இருக்கு?" என்றாள். "மேடையில நின்னு, பாடினது நான் இல்லன்னு சொல்லுங்க. போயிரும்."

மேடம் தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. சொல்லிப் பார்த்துவிட்டார் என்பது அந்தக் கண்ணிலேயே தெரிந்தது. வாய்த்துணியை அவிழ்த்தார். ஏதோ சொல்ல முயன்று தொண்டை நரம்பு புடைத்தது.

வாயிலிருந்து கடைசிப் பாட்டுதான் வந்தது. கிடைத்துவிட்டாள், என் மகள் கிடைத்துவிட்டாள் என்று தெரு முழுக்கக் கேட்கப் பாடியது. அந்த முகம் கதறிக்கொண்டிருந்தது, குரல் சந்தோஷமாக இருந்தது.

இந்த நாளுக்காகத்தான் சாபம் கொடுத்திருந்தாள். ஆனாலும் லைட்டக்காவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கார் கிளம்பிப் போகும்வரை கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். பாட்டும் கூடவே தேய்ந்து போயிற்று. நல்லவேளை, நம் பிள்ளை தப்பித்தது என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள்.

உள்ளே தங்கை எழுந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளில் முதல் முறையாகப் பேச முயன்றாள். உதடு பிரிந்தது.

"அவசரப்படாதடி. மெதுவா," என்று லைட்டக்கா பக்கத்தில் போனாள்.

அறையில் அதிமதுர வாசனை அடித்தது.

தங்கை அக்காவைப் பார்த்துப் புன்னகைத்தாள். அவள் நெஞ்சு இன்னும் ஏறவில்லை. அதற்குள், கட்டிலின் தலைமாட்டில், யாரோ மூச்சை நீளமாக உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது.