காப்பியடிக்காத ஒரு வரி

தான் செத்துப்போன செய்தி அந்த அம்மாளுக்குக் காலை 7:10-க்குத் தெரிய வந்தது.

மகன் நகராட்சித் தலைவர். மறுபடியும் தேர்தலில் நிற்கிறான். இன்னும் பதினெட்டு நாள். அவனுக்கென்று புதிதாகத் திறந்த இணையதளத்தில் 'என் கதை' என்றொரு பக்கம். 'நான் முதன்முதலாக வென்ற அன்று என் தாய் கண்மூடினாள்' என்று அதில் இருந்தது. பக்கம் முழுவதும் வேறோர் ஊர்த் தலைவரின் தளத்திலிருந்து சுட்டது என்பதை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஊர் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

மகனுக்கு மூத்தவளான மகள்தான் கைபேசியில் படித்துக் காட்டினாள். நடுவில் பிளந்து வளர்ந்த நகமுள்ள இடது கட்டைவிரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் படித்தவள், ஓரிடத்தில் நின்றாள். பிறகு சில வரிகள் தாண்டித் தொடர்ந்தாள்.

"ஏன் நிறுத்தினே?"

"ஒண்ணுமில்லம்மா. தொண்டை கட்டிக்கிச்சு."

முப்பத்தோரு வருடம் தேர்வுத்தாள் திருத்தியவள் அம்மாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

9:40. இரண்டு வருடமாக அவள் கால் வைக்காத அலுவலகம். தலைவர் பதினொரு மணிக்குப் பேசுவார் என்று முன்னறையில் நிருபர்களை உட்கார வைத்திருந்தார்கள். உள்ளறையில் மகன், அவனுடைய செயலாளர், இணையதளம் பார்க்க வந்து ஒன்பது நாளே ஆன ஒரு பெண். அலுவலகத்தில் அவளுக்குப் 'புதுசு' என்று பெயர். மேசைமேல் போலீஸ் புகார் ஒன்று கிடந்தது. தலைவரின் பெயரைக் கெடுக்க அந்தப் பெண் வேண்டுமென்றே செய்த சதியாம். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அழுது முடித்துவிட்டிருந்த புதுசு, அம்மாள் கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னாள். செயலாளர் கொடுத்த இரண்டு தாளில் இருந்ததைத்தான் தட்டச்சு செய்தாளாம். முதல் தாளில் பேனாத் திருத்தம் இருந்ததாம். இரண்டாம் தாளில் தாய் இறந்த இடத்தில் சந்தேகப்பட்டுக் கேட்டதற்கு, தலைவர் பார்த்தாயிற்று, கை வைக்காதே என்று பதில் வந்ததாம்.

அப்படி ஒரு தாளே கிடையாது என்றார் செயலாளர். வீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் அவளே எங்கிருந்தோ சுட்டுப் போட்டிருக்கிறாள் என்றார்.

"உங்க தலைவரோட கூடப்பிறந்தவங்களைப் பார்த்திருக்கீங்களா, தம்பி?" என்று அம்மாள் செயலாளரிடம் கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்லையேம்மா."

"நீ?"

"அவர் ஒரே பிள்ளைன்னுதான் சொன்னாங்க," என்றாள் புதுசு.

மகன் ஜன்னலைப் பார்த்தான்.

அம்மாள் மகனின் பக்கத்தையும் அந்த வேற்றூர்த் தலைவரின் பக்கத்தையும் அச்செடுத்துத் தரச் சொன்னாள். ஒரு சிவப்புப் பேனாவும் கேட்டாள். ஒத்துப்போகிற வரிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனாள். மகனின் கைபேசி மூன்று முறை அடித்து ஓய்ந்தது. அவள் நிமிரவே இல்லை.

10:25. பேனாவை மூடினாள்.

"ஒரு வரி மிச்சம்."

அந்த ஊர்த் தலைவர், 'பகலில் அச்சகத்தில் காகிதம் சுமந்தேன்' என்று எழுதியிருந்தார். இங்கே அந்த இடத்தில், 'பகலில் தையல் கூடத்தில் பொத்தான் துளை போட்டேன். ஊசி ஏறிய இடது கட்டைவிரல் நகம் இன்றும் பிளந்தே வளர்கிறது' என்றிருந்தது.

"ஊரெல்லாம் காப்பியடிச்ச வரியை எண்ணிக்கிட்டிருக்கு. காப்பியடிக்காத வரியை ஒருத்தரும் பாக்கல. ரெண்டு தாள் ஒரே மாதிரி வந்தா, எங்க மாறுதுன்னுதான் நான் பாப்பேன். எழுதினவன் அங்கதான் இருப்பான்." அவள் குரல் உயரவில்லை. "இந்த விரல் கதை தெரிஞ்சவங்க மூணே பேர். ஒருத்தி நான். ஒருத்தி விரலுக்குச் சொந்தக்காரி, இவனோட அக்கா. இந்தப் பொண்ணுக்கும் இந்தத் தம்பிக்கும் அப்படி ஒருத்தி இருக்கறதே தெரியாது. கையை மேசைமேல வைடா."

அவன் வைக்கவில்லை. செயலாளரின் கண் மட்டும் அவன் கட்டைவிரலுக்குப் போய்த் திரும்பியது. வழுவழுவென்று, பழுதில்லாத நகம்.

"முதல் தாளைத் திருத்தியிருக்கே. ரெண்டாவதைப் புரட்டவே இல்ல. புரட்டியிருந்தா நான் பிழைச்சிருப்பேன்."

செயலாளர் நாற்காலியில் சரிந்தார். அந்தத் தளத்திலிருந்து அச்செடுத்தது தான்தான் என்றார். படிக்காமலே அந்தப் பெண்ணிடம் தள்ளிவிட்டதையும், இன்று காலை தலைவர் சொல்லித் தாள்களைக் கிழித்ததையும் ஒப்புக்கொண்டார்.

"ஒரு மாதிரிக்குத்தாம்மா எடுத்தேன்," என்றான் மகன். "எல்லாத் தலைவருக்கும் கஷ்டப்பட்ட கதை ஒண்ணு இருக்கு. எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல."

"ஏன் இல்லேன்னு யோசிச்சியா? உனக்கு வர வேண்டிய கஷ்டத்தையெல்லாம் அவ வாங்கிக்கிட்டா. அவ படிப்பை எடுத்துக்கிட்டே. சம்பளத்தை எடுத்துக்கிட்டே. ஒரே பிள்ளைன்னு சொல்லி ஆளையே இல்லாம ஆக்கினே. அந்த விரலையாவது விட்டிருக்கக் கூடாதா? பத்தாததுக்கு, ஒன்பது நாள் முன்னால வேலைக்கு வந்த பொண்ணு தலையில கட்டப் பாக்கறே."



புகாரை விட்டுவிடுவதாகச் சொன்னான். பக்கத்தை எடுத்துவிடலாம், புதுசு வேலையில் இருக்கட்டும், பதினெட்டு நாள் பொறுத்துக்கொள் என்று கெஞ்சினான். கிழிப்பதற்காகப் புகாரைக் கையில் எடுத்தான்.

"கிழிக்காதே. பேரை மாத்து. செஞ்சவன் பேரைப் போடு."

அவன் புதுசின் பெயரை அடித்தான். பேனா அதற்குமேல் நகரவில்லை.

மணி பதினொன்று. புதுசை முகம் கழுவிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, அம்மாள் முன்னறைக் கதவை அகலத் திறந்தாள். நிருபர்கள் எழுந்தார்கள்.

"வாங்க," என்றாள். "தலைவர் ஒரு பேர் சொல்லப் போறார்."