ஒரத்தநாட்டு லென்ஸ்

லென்ஸின் முன்பக்கத்துக்கு மூடியே இல்லை. பின்பக்க மூடியைத்தான் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியால் மூன்று சுற்றுச் சுற்றி, அதன்மேல் சணல் கயிறும் கட்டியிருந்தார்கள்.

ஹஃப்ஸா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாபநாசத்தில் அவள் கணவன் ஜாஹித் தொடங்கிய ஸ்டுடியோவை, அவன் சார்ஜாவுக்குப் போன இந்த நாலு வருஷமாக அவள்தான் நடத்துகிறாள். லென்ஸ் வைத்திருக்கிறவர்கள் தூசிக்குப் பயந்து முன்பக்கத்தை மூடுவார்கள். கேமராவுக்குள் போகிற பக்கத்தை மட்டும் இப்படிக் கட்டிப்போட்டு அவள் பார்த்ததில்லை.

"பிரிச்சுப் பாக்கலாமாம்மா?"

"உங்க வீட்டுல போயி பிரிச்சுக்குங்க" என்றாள் மங்களாம்பிகை. லென்ஸுக்குச் சொந்தக்காரரான சாரங்கபாணியின் மனைவி. "கண்ணாடியில கீறல் கிடையாது. பூஞ்சை கிடையாது. அதுக்கு நான் பொறுப்பு."

காலை பதினோரு மணி. ஒரத்தநாட்டு வெயில் ஜன்னல் வழியாகக் கூடம் முழுக்கக் கொட்டிக்கிடந்தது. அப்படியும் கூடத்தில் இரண்டு டியூப்லைட் எரிந்தன. சமையலறையில் ஒரு குண்டு பல்பு, அதற்கும் அப்பால் சாமான் அறையில் ஒன்று. அப்போதுதான் ஹஃப்ஸா கவனித்தாள், உள்ளே எந்த அறைக்கும் கதவு இல்லை. நிலை மட்டும் நின்றது. கீல் பிடுங்கிய இடங்களில் ஆணித் துளைகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்திருந்தார்கள்.

சாரங்கபாணி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் கோயில் கல்வெட்டுகளையும் சுவர் ஓவியங்களையும் பெரிய கேமராவில் படம் பிடித்தவர் என்று சொல்லியிருந்தார்கள். அவர் கண்கள் தூங்காதவன் கண்கள் மாதிரி சிவந்திருந்தன. அவள் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. லென்ஸையும் பார்க்கவில்லை.

ஹஃப்ஸா அதைத் துணிப்பையில் வைத்துத் தெருவில் இறங்கிப் பத்தடி போயிருப்பாள். பின்னால் அவர் குரல் கேட்டது.

"போயிடுச்சா?"

திரும்பிப் பார்த்தாள். மங்களாம்பிகை வீட்டுக்குள் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு போனாள். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சாரங்கபாணி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

பஸ்ஸில் மடியில் இருந்த பை கனத்தது. பிரியமான பொருளை விற்றால் மனுஷனுக்கு அழுகை வராதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த நீள லென்ஸ் அவளுக்கு வேண்டியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய பிரபு தஞ்சாவூருக்கு வெளியே ஏழு கிலோமீட்டரில் பன்னிரண்டு ஏக்கர் நஞ்சையை வாங்கி, மனை போட்டுக் கல் நட்டிருந்தான். அதற்கு ரோட்டோரம் பெரிய விளம்பரப் பலகை வைக்க வேண்டும். சின்ன கேமராப் படம் அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் உடைந்துபோகும். ஜாஹித்தின் பழைய மரக் கேமராவில் உள்ளங்கையகல ஃபிலிமில் எடுத்தால்தான் நிற்கும்.

"அக்கா, பெரிய கோயில் நம்ம மனைக்குப் பின்னாடியே நிக்கிற மாதிரி வரணும்" என்றான் பிரபு. "துபாயில இருக்கறவன் போட்டோவைப் பாத்ததும் புக் பண்ணிடணும்."

"கிட்ட இருக்கற மாதிரி தெரியும் தம்பி. ஆனா கிட்ட இல்லையே."

"தெரிஞ்சா போதுங்க்கா."

தூரத்தில் இருப்பதை இழுத்துவந்து முன்னால் நிறுத்தும் வேலை நீள லென்ஸுக்குத்தான் வரும். இது நன்றாக அமைந்தால் இன்னும் மூன்று நகர்களுக்குப் படம் எடுக்கும் வேலை அவளுக்கே என்று பிரபு சொல்லியிருந்தான். அப்படி நடந்தால் வெள்ளிக்கிழமை போனில் ஜாஹித்திடம் தைரியமாகச் சொல்லலாம், போதுங்க, வந்துடுங்க என்று. ஆறு வயது ஷிஃபாவுக்கு அத்தா என்றால் போனில் வரும் ஒரு குரல்.

மறுநாள் மாலை நாலு மணிக்கு மனையில் கேமராவை நிறுத்தினாள். தை மாதம். பக்கத்து வயல்களில் அறுப்பு முடிந்து வைக்கோல் வாசம் காற்றில் இருந்தது. பிரபுவின் நிலம் இரண்டு போகமாகத் தண்ணீர் காணாமல் பாளம் பாளமாக வெடித்துக்கிடந்தது. அவன் காரில் சாய்ந்து செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் பிளாஸ்திரியைக் கிழித்து, மூடியைக் கழற்றி, லென்ஸை மாட்டி, கறுப்புத் துணியைத் தலைக்குமேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

துணிக்குள் இருட்டு. கேமராவின் பின்பக்கத்துச் சொரசொரப்புக் கண்ணாடியில் உலகம் மெல்லத் தெளிந்தது. இந்த வகைக் கேமராவில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. மேலே தரை, கூரையில் நட்டது போலத் தொங்கும் மனைக்கற்கள், அவற்றின் நடுவே கீழ்நோக்கி இறங்கும் கோயில் விமானம், அடியில் குளம் மாதிரி வானம். திருகைத் திருகத் திருக விமானத்தின் ஒவ்வொரு அடுக்கும் கூர்மையாகி வந்தது. நல்ல லென்ஸ். ரொம்ப நல்ல லென்ஸ்.

கண்ணாடியின் அடியில், அந்த வானத்தில், ஒரு நகக்கண் அளவுக்கு யாரோ நின்றிருந்தார்கள்.

தூசி என்று துடைத்தாள். அது போகவில்லை. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள். முதுகு. இடுப்பில் ஏதோ துணி, நனைந்து ஒட்டியிருந்தது. இரண்டு கைகளும் முழங்காலுக்குக் கீழே தொங்கின. எல்லாம் தலைகீழாக இருந்த அந்தக் கண்ணாடியில் அது மட்டும் நேராக நின்றது.

துணியிலிருந்து தலையை வெளியே எடுத்தாள். வெடித்த நிலம், கற்கள், வெயில். ஆள் யாரும் இல்லை.

"தம்பி, இங்க வந்து கொஞ்சம் பாருங்களேன்."

பிரபு துணிக்குள் தலையை விட்டுச் சிரித்தான். "எல்லாம் தலைகீழா இருக்குதுக்கா."

"யாராச்சும் ஒருத்தர் நேரா நிக்கிறாங்களா?"

"யாரும் இல்லியே. கோயிலு சூப்பரா வருதுக்கா. அப்படியே எடுங்க."

அவன் மறுபடி போனுக்குப் போய்விட்டான். அவள் துணிக்குள் குனிந்தாள். இப்போது அது ஒரு விரல் உயரம் இருந்தது.

முதுகு காட்டி நிற்பவர் விலகித்தான் போக வேண்டும். போகப் போகச் சிறிதாக வேண்டும். அதன் முதுகெலும்பின் முண்டுகளை அவளால் எண்ண முடிந்தது. ஏழு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விமானத்துக்குத் தெளிவு வைத்த லென்ஸில் பக்கத்தில் இருக்கும் எதுவும் புகை மாதிரி கலங்கித்தான் தெரிய வேண்டும். இது கலங்கவில்லை. கழுத்து மயிரிலிருந்து ஒரு சொட்டு நீர் தொங்கி, விழாமல், நடுங்கியது.

அப்போது வாசம் வந்தது. தண்ணீர் காணாத அந்த நிலத்தில், துணிக்குள் மட்டும், நடவு வயலின் சேற்று வாசம். லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் இடையில் இருந்த தோல் துருத்திக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வந்தது. சேற்றில் புதைந்த காலை உருவுகிற சத்தம். ஒரு முறை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை.

பார்க்காமலே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஃபிலிம்களைச் செருகினாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை ஷட்டரை அழுத்தினாள். ஒன்று கலர், சென்னைக்கு அனுப்ப. மற்றது கறுப்பு வெள்ளை, வீட்டில் கழுவிச் சரிபார்க்க.

வீட்டுக்கு வந்து லென்ஸைக் கழற்றியபோது அதன் பின்கண்ணாடி சுத்தமாக இருந்தது. துருத்தியின் உள்மடிப்பில்தான் சேறு இருந்தது. ஈரச் சேறு, லென்ஸ் பக்கமிருந்து கண்ணாடிப் பக்கம்வரை, ஒரு கோடாக.

அவள் ஒரத்தநாட்டுக்குப் போன் போட்டாள். நெடுநேரம் அடித்த பிறகு சாரங்கபாணி எடுத்தார்.

"ஐயா, நான் பாபநாசம் ஸ்டுடியோ. லென்ஸை நாளைக்கே திருப்பிக் கொண்டாந்து குடுத்துடறேங்க. காசு வேண்டாம்."

"எந்தப் பக்கம் பாத்து நிக்குது?" என்றார்.

"முதுகு காட்டிக்கிட்டு."

"எந்நேரமும் அப்படித்தாம்மா நிக்கும். பாத்தா ஒண்ணும் செய்யாது போலத் தெரியும்." அவர் குரல் தணிந்தது. "லென்ஸை வேணா அனுப்புங்க. வாங்கி வெச்சுக்கறேன். அதுல இனிமே ஒண்ணும் இருக்காது."

போன் வைக்கப்பட்டது. திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை.

அன்று ஷிஃபாவைக் கட்டிக்கொண்டு விளக்கு எரியவே படுத்தாள். எதுவும் நடக்கவில்லை. காலையில் பால் வந்தது, தண்ணீர் வந்தது, எதிர்த்த மளிகைக்கடையில் ரேடியோ பாடியது. பிள்ளைக்குச் சீருடை போட்டு அனுப்பினாள். வெயில் ஏற ஏற நேற்றைய பயம் வெட்கமாக மாறியது. வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றது, வயதானவரின் பினாத்தல். படம் சரியாக விழுந்திருந்தால் அந்த லென்ஸை இனித் தொடவே வேண்டாம். அந்த ஒரு ஃபிலிமைக் கழுவிப் பார்த்துவிட்டால் போதும்.

பன்னிரண்டரை மணிக்கு டார்க்ரூமுக்குள் போனாள். தெருப் பக்கத்து ஜன்னலைப் பலகை அடித்து அடைத்து ஜாஹித் உண்டாக்கிய சின்ன அறை. கதவு ஜன்னலுக்கு நேர் எதிரே, வீட்டுக்குள் திறப்பது. விளக்குச் சுவிட்சும் கதவோரம்தான். மருந்துகளைத் தட்டுகளில் ஊற்றினாள். கதவைத் தாழிட்டாள். விளக்கை அணைத்தாள். நாலு எட்டு வைத்து ஜன்னலோரத்து மேடைக்கு வந்து நின்றாள். ஃபிலிமைப் பிரிக்குமுன் எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று ஐந்து நிமிஷம் இருட்டில் காத்திருப்பது வழக்கம்.

கசிந்தது.

பலகையில் ஒரு வெடிப்பு. மிளகளவுத் துளை. அது வழியாகத் தெருவின் நண்பகல் உள்ளே வந்து எதிரே கதவின்மேல் மங்கலாக விரிந்தது. இருட்டறையும் ஒரு சின்னத் துளையும் இருந்தால் போதும், லென்ஸே வேண்டாம், அறையே கேமரா என்று கல்யாணமான புதிதில் ஜாஹித் சொல்லிக்கொடுத்திருந்தான். கதவில் தெரு தலைகீழாகத் தெரிந்தது. மளிகைக்கடை தலைகீழாக. சைக்கிள் ஒன்று உச்சியில் சக்கரம் சுழல ஊர்ந்து போனது. கீழே வானம்.

அந்த வானத்தில் அது நின்றது.

ஆள் உயரத்துக்கு. நேராக. முதுகு காட்டி.

சேற்று வாசம். அவள் மூச்சை நிறுத்தினாள். இன்னொரு மூச்சு நிற்கவில்லை.

படம்தான். கதவில் விழுந்திருக்கும் வெறும் வெளிச்சம். கையால் துளையை அடைத்தால் போய்விடும். அடைத்தாள். தெரு அணைந்தது. முழு இருட்டு.

சொட்டு. தரையில். நாலடி தள்ளி.

கையை எடுத்தாள். தெரு திரும்ப வந்தது. அது அங்கேயே நின்றது. அதன் பாதங்களைப் பார்த்தாள். அவை வானத்தில் இல்லை. சிமென்ட் தரையில் இருந்தன. அவள் நிற்கும் அதே தரையில். விரல்களுக்கிடையே சேறு பிதுங்கியிருந்தது.

அது அவளைப் பார்க்கவில்லை. ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அது கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கதவின் உச்சியில், தலைகீழான தெருவில், ஒரு வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் வந்தன. தோளில் பை. பள்ளிக்கூடத்தில் இன்று சீக்கிரம் விட்டுவிட்டார்கள். ஷிஃபா குதித்துக் குதித்துத் தெருவைக் கடந்தாள். படத்தின் விளிம்பில் மறைந்தாள்.

வாசல் கதவு திறக்கும் சத்தம். செருப்பைக் கழற்றும் சத்தம்.

வராதே. வாய் திறந்தது. குரல் வரவில்லை. காற்று மட்டும்.

"அம்மா." கதவுக்கு அந்தப் பக்கம். சின்னக் கை தட்டியது. "அம்மா, உள்ள இருக்கியா? கதவைத் திறம்மா."

அதன் தலை கொஞ்சம் சாய்ந்தது. காது கொடுப்பது போல.

"அம்மா?"

தொங்கிக்கிடந்த வலது கை மெல்ல எழுந்தது. நீர் சொட்டச் சொட்ட, தெருவின்மேல், வெயிலின்மேல், தலைகீழாக நின்ற கடைகளின்மேல் அது ஏறிப்போனது. நீண்ட விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கித் தாழ்ப்பாளைப் பிடித்தன.

இரும்பு நகர்ந்தது.