ஹெல்காவின் முடிச்சு

ஹனோவர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து நாலடி நடப்பதற்குள் சந்திரமௌலி நின்றான். வைதேகிக்கு நம்பவே முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து, மாம்பலத்திலும் சரி, இந்த ஜெர்மனியிலும் சரி, அவன் முன்னால் விடுவிடுவென்று போவான், இவள் பையும் குடையுமாகப் பின்னால் ஓடுவாள். ஒரு தடவை அவன் மட்டும் டிராமில் ஏறிப் போய்விட, இவள் கொட்டும் பனியில் தனியாக நின்ற கதை ஹனோவர்த் தமிழர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அப்பேர்ப்பட்ட மனுஷன் முதுகில் மலையேற்ற மூட்டையோடு திரும்பி நின்று காத்திருக்கிறான்! இரண்டு மாதம் பிரிந்திருந்ததில் புத்தி வந்துவிட்டது என்று பூரித்துப்போய், எட்டி நடை போட்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், டிராம் கம்பிகளுக்குக் கீழே ஈரமாகக் கிடந்த வெற்று நடைபாதையைப் பார்த்தான். யாரோ வந்து சேர்ந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு மறுபடி நடந்தான்.

"ஏன்னா, யாருக்காக நின்னேள்?"

"கயிறு இறுகக் கூடாது," என்றான்.

நிலவியல் ஆராய்ச்சி செய்கிறவனுக்கு எரிமலைகளைப் புத்தகத்தில் பார்த்தால் போதாதாம். ஈக்குவடாரில் பனி மூடிய எரிமலைகள் இருக்கின்றனவாம், வழிகாட்டி வைத்துக்கொண்டு ஏறும் குழு ஒன்று எழுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் கிளம்புகிறதாம், அதில் சேர்ந்துவிட்டான். அவள் வேண்டாம் என்று அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. கிளம்புவதற்கு முன் ஹார்ட்ஸ் மலைகளில் பயிற்சி நடந்தபோது, எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு அவளும் கூடப் போனாள். அங்கேதான் ஹெல்காவைப் பார்த்தாள்.

பள்ளிக்கூட ஆசிரியை. நெடுநெடுவென்று உயரம், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. வழிகாட்டி அன்டோன் அவளையும் சந்திரமௌலியையும் ஒரே கயிற்றில் கட்டினான். இவன் முன்னால், அவள் பின்னால். ஒரே கயிற்றில் போகிறவர்கள் ஒருவர் முடிச்சை மற்றவர் இழுத்துச் சோதிக்க வேண்டும் என்பது மலையேறுகிறவர்களின் வழக்கம். கட்டிய பெண்டாட்டி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ஹெல்கா அவன் இடுப்பில் கை வைத்து முடிச்சை இழுத்தாள், தட்டிக் கொடுத்தாள், சிரித்தாள். அவனும் சிரித்தான். வைதேகிக்கு அன்றைக்குப் பற்றிக்கொண்ட வயிறு பிறகு அணையவே இல்லை.

ஊர் திரும்பிய அன்று, ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே அவன் சொன்னான்.

"ஹெல்கா போயிட்டா."

பனிக்கடியில் வாய் பிளந்து கிடந்த பள்ளம். மேலே மெல்லிசாகப் பனி மூடியிருந்திருக்கிறது. இவன் கடந்துவிட்டான், பின்னால் வந்தவள் கால் வைத்ததும் உள்ளே போய்விட்டாள். கையிலிருந்த பனிக்கோடாரியைப் பனியில் குத்தி, அதன்மேல் படுத்து, அவள் பாரத்தை இவன் தாங்கியிருக்கிறான். அன்டோன் ஓடி வந்து, இரண்டு பேருமாகக் கயிற்றை இழுத்திருக்கிறார்கள்.

"மேலே வர்ற வரைக்கும் கனம் இருந்தது வைதேகி. அவ போட்ட முடிச்சு அவிழலை, கயிறு அறுபடலை. அவ இடுப்பில மாட்டிண்டிருந்த கயிற்று வளையம் மட்டும் வந்தது. அதுக்குள்ள அவ இல்லை."

ஐயோ பாவம் என்றுதான் அவள் சொல்லியிருக்க வேண்டும்.

"அங்கேயும் அவளோடதான் கட்டிண்டேளா?" என்று வாயில் வந்துவிட்டது. கேட்டபிறகு கூசியது. ஆனாலும் உள்ளே எங்கேயோ, தொலைந்தாள் என்று ஒரு நிம்மதி. அதையும் மறைப்பானேன், இருந்தது.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. கயிற்றை அவன் வாசல் நடையில் கோட்டு மாட்டும் ஆணியில் தொங்கவிட்டிருந்தான், ஒரு முனையில் ஹெல்காவின் வளையம் முடிச்சோடு அப்படியே. ஹீட்டர் நாள் முழுக்க எரிந்தும் அது காயவில்லை. தொட்டால் விரல் விறைத்தது, அடியில் தரை நனைந்துகொண்டே இருந்தது, நடை முழுக்க ஊசிப்போன முட்டையும் உரசிய தீக்குச்சியும் கலந்தாற்போல ஒரு கந்தக நாற்றம். சாயங்காலக் காப்பிக்கு முன்பே இருட்டிவிடும் ஜனவரியில், அவன் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து திரும்பி மாடிப்படி ஏறும் சத்தத்துக்கு அவள் காது கொடுத்துக்கொண்டிருப்பாள். ஏறுவான், நிற்பான், ஏறுவான், நிற்பான். அவன் நின்றபிறகு கீழ்ப்படியில் இன்னொரு காலடி விழும். இரும்பு முள் வைத்த பூட்ஸ் கல்லில் பிறாண்டும் சத்தம். கதவைத் திறந்து உள்ளே வந்தாலும் உடனே சாத்த மாட்டான். ஓரமாக ஒதுங்கி, ஓர் ஆள் நுழையும் நேரம் விட்டுத்தான் சாத்துவான்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. உயிரோடு இருக்கிறவள் என்றால் வீடு தேடிப் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம். செத்தவளை என்ன செய்ய? எனக்காக ஒரு நாள் நின்றிருப்பானா இந்த மனுஷன்?

ஒரு நாள் முடிச்சை அவிழ்த்துவிடுவது என்று உட்கார்ந்தாள். நகம் உடைந்தது, பல்லால் கடித்தாள், முள்கரண்டியை விட்டு நெம்பினாள். அசையவில்லை. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. அவிழ்ப்பானேன்?

அன்று அவன் வரும் நேரத்துக்குக் கீழே இறங்கிப் போனாள். வாசற்கதவுக்கு உள்ளே, தபால் பெட்டிகளின் பக்கத்தில், ஸ்வெட்டருக்கு மேல் ஹெல்காவின் வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு நின்றாள். நெடுநெடுவென்று இருந்தவளின் வளையம், இவளுக்குத் தொளதொளவென்று கிடந்தது. உள்ளே வந்தவனிடம் மறுமுனையை நீட்டினாள்.

"கட்டிக்கோங்கோ. எனக்காக நின்னு நின்னு ஏறுங்கோ, பார்க்கலாம்."

அவன் முகம் வெளுத்தது. "கழட்டு வைதேகி. அது அவளோட இடம்."

"அவளோட இடமா? அப்ப நான் யாரு?" படிக்கட்டு முழுக்க எதிரொலிக்கும்படி கத்தினாள். "கழட்ட மாட்டேன். கட்டிக்கோங்கோன்னா!"

அவள் அழுகையைப் பார்த்தானோ, அவளுக்குப் பின்னால் எதையாவது பார்த்தானோ, மறுமுனையை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டான். படிக்கட்டு விளக்கின் பொத்தானை அழுத்திவிட்டு முன்னால் ஏறினான்.

முதல் திருப்பத்தில் நின்றான். திரும்பிப் பார்த்தான். இந்தத் தடவை அவளைத்தான் பார்த்தான்.

"மெதுவா வா," என்றான்.

அடடா, அந்தக் குரல்! அப்படி ஒரு குரல் அவனிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள், ஒவ்வொரு படியிலும் நின்றாள். அவனும் நின்றான். குழந்தை மாதிரி சிரிப்பு வந்தது அவளுக்கு. யாரோ வீட்டில் முட்டைக்கோஸ் வேகும் வாசனை, ரேடியோவில் ஏதோ வால்ட்ஸ் இசை, இருவருக்கும் நடுவே தொய்ந்து ஆடும் கயிறு. இதற்காகவா இத்தனை நாள் அழுதேன் என்று இருந்தது.

இரண்டாம் மாடியில் விளக்கு அணைந்தது. தானாக அணைகிற விளக்குதான். ரேடியோவும் நின்றது.

"விளக்கைப் போடுங்கோளேன்."

கந்தக வாசனை. வளையம் இறுகியது. முன்னாலிருந்து யாரும் இழுக்கவில்லை. கயிறு தொய்ந்தேதான் கிடந்தது. ஆனாலும் இறுகியது. தொளதொளவென்று இருந்த வளையத்துக்குள் இப்போது இடமில்லை.

அவள் வயிற்றோடு ஒரு முதுகு ஒட்டி நின்றது.

ஈரமான முதுகு. உயரமான முதுகு. ஸ்வெட்டரைத் துளைத்துக்கொண்டு குளிர் ஏறியது. கத்த வாய் திறந்தாள். மூச்சு வரவில்லை. அந்த முதுகு மெல்ல அசைந்து, நெளிந்து, வளையத்துக்குள் தனக்கு இடம் செய்துகொண்டது. ஒரு இடுப்பு அவள் இடுப்பைத் தள்ளியது. வளையம் அவள் தொடை வழியாக இறங்கியது. முழங்கால். கணுக்கால்.

பின்னால் காலை வைத்தாள். படி இல்லை.

விழுந்தாள். வெகுநேரம். தலைக்கு மேலே பனி சரிந்து மூடியது. இருபுறமும் சுவர். கை வைத்தால் வழுக்கியது. நீலம். எங்கேயோ தண்ணீர் சொட்டியது.

"ஏன்னா!"

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

வெகு உயரத்தில், ஒரு நூல் கனத்துக்கு வெடிப்பு. அதில் வெளிச்சம் வந்தது. படிக்கட்டு விளக்கு. அவர்கள் வீட்டுக் கதவு. சந்திரமௌலி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். ஒருத்தி படியேறி வந்தாள். இடுப்பில் வளையம். வைதேகியின் அதே பழுப்பு ஸ்வெட்டர், வைதேகியின் பின்னல், வைதேகியின் புடவை, உயரத்துக்குப் போதாமல் கணுக்காலுக்கு மேலே.

"வந்துட்டியா வைதேகி?" என்றான் அவன், அந்தக் குரலில்.

வந்தவள் குனிந்து கீழே பார்த்தாள். வைதேகியின் முகம். சிரித்தது.

அவன் இடுப்பு முடிச்சை இழுத்துப் பார்த்து, தட்டிக் கொடுத்துவிட்டு, அவள் உள்ளே போனாள். ஓர் ஆள் நுழையும் நேரம்கூட விடாமல் அவன் கதவைச் சாத்தினான்.