திம்மப்பனின் ஹாட்ஸ்பாட்

வைஃபையே கிடையாது என்று காலையிலிருந்து அடம்பிடித்த லேப்டாப், சாயங்காலம் நாலே கால் மணிக்கு ஒரு பெயரைக் காட்டியது. ‘திம்மப்பன்.’ பக்கத்தில் ஒரே ஒரு கோடு.

மாதேஸ்வரிக்கு முதலில் சந்தோஷத்தில் அழுகைதான் வந்தது. அது செத்துப்போன புருஷனின் பெயர் என்பது அப்புறம்தான் உறைத்தது.

லேப்டாப்பும் அவனுடையதுதான். பழைய சாமான் கடையில் வாங்கி, சும்மா கிடைக்கிறதே என்று லினக்ஸைப் போட்டு, யூடியூப் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் போய் நாற்பது நாளாகிறது. அதற்குள் ஏதோ அப்டேட் ஆகி வைஃபை செத்துவிட்டது. நாலரைக்குள் நெட்டில் நுழைந்து அவன் கம்பெனியின் ஆன்லைன் தேர்வை எழுதினால் அவன் வேலை இவளுக்கு. இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அஞ்செட்டி மலைக்கு, மாமியார் வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு. பாவிகள், ஆயுத பூஜை லீவிலா தேர்வு வைப்பார்கள்! ஓசூரில் அந்த லைன் வீடுகள் பத்தில் ஒன்பது பூட்டிக் கிடந்தன. அவரவர் ரூட்டரை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். பிரௌசிங் சென்டரும் மூடல். அவளிடம் இருந்ததோ பட்டன் போன்.

அதில்தான் கோபி பேசினான். திம்மப்பனோடு ஒரே ஷிப்டில் நின்றவன், இப்போது பண்டிகைக்குப் பாரூருக்குப் போயிருக்கிறான்.

“காலைல பஸ் ஏறுமுன்ன நான் பென்டிரைவ்ல குடுத்த வைஃபை டிரைவர் ஏறிடுச்சா அண்ணி? எந்த நெட்டு காட்டுது?”

“ஒண்ணே ஒண்ணுதான் கோபி. உங்கண்ணன் போனோட ஹாட்ஸ்பாட்டு.”

கோபி குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணி... அந்த போனை அண்ணன் சட்டப் பைல வெச்சுத்தான நாம மண்ணு தள்ளுனோம்?”

உண்மைதான். அவர்கள் வழக்கம் புதைப்பது. வெற்றிலையோ பீடியோ, செத்தவர் ஆசைப்பட்டதைக் கூடவே வைப்பார்கள். திம்மப்பனுக்கு ஆசை போன்மேல்தான். அதை அணைத்து வைக்க அன்றைக்கு மாதேஸ்வரிக்கு மனசு வரவில்லை.

“தொடாதீங்க அண்ணி! வீட்ட விட்டு வெளிய வந்...”

பேச்சு அறுந்துபோனது. திரும்ப அடித்தால் போகவில்லை.

திரையில் இரண்டு கோடு.

மழை பெய்யாத வாசலிலிருந்து ஈரச் செம்மண் வாசம் வந்தது, புதிதாகத் தோண்டிய குழியில் குனிந்தால் மூக்கில் ஏறுமே, அந்த வாசம். பிறகு தெருமுனையில், முதல் வீட்டுப் பூட்டை யாரோ ஆட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. சிறிது நேரம் பொறுத்து இரண்டாவது வீட்டுப் பூட்டு. அப்புறம் மூன்றாவது. வீடு அடையாளம் மறந்துபோனவர் ஒவ்வொரு கதவாகத் தேடிக்கொண்டு வருவது போல் இருந்தது. இவளுடையது பத்தாவது வீடு.

மூன்று கோடு.

ஓடிவிடலாம். ஓடினால் வேலை போச்சு. மணி நாலு இருபத்தாறு. ஐயோ, நான் என்ன செய்வேன்! ஏழாவது பூட்டு. எட்டாவது.

“சாமி, காப்பாத்து” என்று அந்தப் பெயரை அழுத்தினாள்.

பாஸ்வேர்டு கேட்கவில்லை. இணைந்துவிட்டது. நான்கு கோடும் நிரம்பியது.

பூட்டுச் சத்தம் நின்றது.

தேர்வுப் பக்கம் திறந்தது. ‘முகத்தைக் கேமராவில் காட்டவும்.’ வியர்த்த முகம். அவள் முகம்தான். அதைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம்.

அவள் தோளுக்குப் பின்னால் இன்னொரு பச்சைக் கட்டம்.

‘இரண்டு முகங்கள் தெரிகின்றன. ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும். பத்து விநாடியில் தேர்வு ரத்தாகும்.’

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கழுத்தில் குளிர். மண் உதிரும் சத்தம்.

ஏழு. ஆறு.

“உங்களுக்குப் புண்ணியமாப் போவுது... போயிருங்க. இந்த வேல இல்லனா எனக்குப் பொழப்பே இல்லைங்க. ஒருத்தர்தான் இருக்கணுமாம்.”

மூன்று. இரண்டு.

ஒரு கட்டம் மறைந்தது.

‘ஒரு முகம். சரி. தேர்வைத் தொடங்கலாம்.’

மூச்சு விட்டு நிமிர்ந்து பார்த்தாள். திரையில், அவள் நாற்காலியில், கண்ணிலும் வாயிலும் செம்மண் அப்பியபடி திம்மப்பன் உட்கார்ந்திருந்தான். அவன் மட்டும்தான்.

மாதேஸ்வரி தன் முகத்தைத் தடவிப் பார்க்கக் கையைத் தூக்கினாள்.

திரையில் அவன் கை எழுந்தது.